கிளாஸுக்குப் போனா கதை வருமா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன ஞாயித்துக்கிழமை உங்க பேப்பர்ல வந்த ஒரு வாசகர் கடிதத்தைப் படிச்சேன். எழுத்துங்கிறது சொல்லிக்கொடுத்து வர்றது இல்ல, அது ரத்தத்துலயே இருக்கணும், இந்த கிரியேட்டிவ் ரைட்டிங் கிளாஸ் நடத்துறவங்க எல்லாம் அடுத்தவங்க ஆசையை வச்சுப் பிழைக்கிறவங்க, கம்பன் எந்த கிளாஸுக்குப் போனான், அப்படின்னு கேட்டு முடிச்சிருந்தாரு. அவரு சொன்னதுல பாதி எனக்கும் சம்மதம்தான், எந்தப் பாதின்னு பின்னாடி சொல்றேன். மீதிப் பாதிக்கு பதில் எழுதலன்னா எனக்குத் தூக்கம் வராது போல, அதான் உக்காந்துட்டேன்.

நான் எழுத்தாளர் இல்ல, முதல்லயே சொல்லிடறேன். முப்பது வருஷத்துக்கு மேல கணக்கு எழுதுறது, ஆடிட்டுக்கு ஃபைல் ரெடி பண்றது, இதான் வேலை. நடுவுல நடுவுல கதை எழுதுவேன், மூணோ நாலோ அச்சுலயும் வந்திருக்கு, மீதி எல்லாம் அலமாரில தூங்குது. இந்த மாதிரி கிளாஸ் ரெண்டுக்கு காசு கட்டிப் போயிருக்கேன், ஒண்ணு சுத்த வேஸ்ட், இன்னொண்ணு அப்படி இல்ல. ரெண்டையும் பாத்தவங்கிற ஒரே தகுதியிலதான் பேசறேன்.

முதல்ல அந்த கம்பன் விஷயத்தை முடிச்சிடறேன். கம்பன் கிளாஸுக்குப் போகலன்னு யாரு சொன்னா? அவரு கையில விருத்தம் அந்த ஆட்டம் ஆடுதுன்னா யாப்பு கத்துக்காமலா ஆடுது? அந்தக் காலத்துல பாட்டு எழுதணும்னு ஆசைப்பட்டா யாராவது ஒரு புலவர்கிட்ட போய் உக்காந்து எழுத்து, அசை, சீர், தளைன்னு ஆரம்பிச்சுதான் வரணும், யாரும் அதைக் கேவலமா நினைக்கல. உ.வே.சாமிநாதையர் 1871ல மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளைகிட்ட போய்ச் சேந்தவரு 1876ல பிள்ளை காலமாகிற வரைக்கும் அவர்கிட்டதான் இருந்தாரு. பிள்ளை செய்யுளை வாய்ல சொல்லிக்கிட்டே போவாரு, பக்கத்துல உக்காந்து மாணவர்கள் ஏட்டுல எழுதுவாங்க, அதாவது ஒரு பாட்டு எப்படி உருவாகுதுன்னு கண்ணு முன்னாடி பாத்துக்கிட்டே கத்துக்கிட்டாங்க, இதைவிட பெரிய கிளாஸ் இன்னைக்கு எங்க கிடைக்குது சொல்லுங்க. நூல் முடிஞ்சா அரங்கேத்தணும், நாலு பேரு உக்காந்து தடை சொல்வாங்க, நூல் செஞ்சவரு பதில் சொல்லணும். இன்னைக்கு வொர்க்‌ஷாப்னு பேரு வச்சு நடத்துறதும் கிட்டத்தட்ட இதேதான்.

பவணந்தி முனிவர் 13ஆம் நூற்றாண்டுல எழுதின நன்னூல் பாயிரத்துல ஒரு நூலுக்கு வரக்கூடாத பத்துக் குற்றம்னு ஒரு பட்டியல் இருக்கு, ஸ்கூல்ல மனப்பாடம் பண்ணி மார்க் வாங்கிட்டு மறந்து போனது. அவரு சொன்னது கதைக்கு இல்ல, நூலுக்கு, அது எனக்கும் தெரியும். ஆனா என் கதைகளை எடுத்து வச்சு அந்தப் பட்டியலை மறுபடி படிச்சப்ப எனக்கு முகம் சுருங்கிப்போச்சு. குன்றக் கூறல், மிகைபடக் கூறல், கூறியது கூறல், இதெல்லாம் சரி, எல்லாருக்கும் தெரிஞ்சது. மற்றொன்று விரித்தல்னு ஒண்ணு, சொல்ல வந்ததை விட்டுட்டு இன்னொண்ணை இழுத்துட்டுப் போறது, என் கதை ஏழுல இருக்கு. சென்று தேய்ந்து இறுதல்னு ஒண்ணு, ஆரம்பம் ஜோரா இருந்து போகப்போக தேஞ்சு கடைசில ஒண்ணுமில்லாம முடியறது, அது எல்லாக் கதையிலயும் இருக்கு. ஒரு கதையைப் படிச்சுட்டு ஏதோ சரியில்லைன்னு தோணும், என்னன்னு சொல்லத் தெரியாது, அதுக்கு ஒரு பேரு கிடைச்சதும்தான் அடுத்த கதையில அது வரும்போதே நமக்குத் தெரியுது. எழுத்தைச் சொல்லிக்கொடுக்க முடியாதுன்னா எழுநூறு எண்ணூறு வருஷம் முன்னாடி அந்த மனுஷன் எதுக்கு உக்காந்து இந்தப் பத்தையும் எண்ணி எழுதி வச்சாரு?

சங்கீதத்துக்கு குரு வேணும் ஓவியத்துக்கு குரு வேணும் எழுத்துக்கு மட்டும் வேண்டாமான்னு வழக்கமா ஒரு வாதம் சொல்வாங்க. எனக்கு அதுல முழு நம்பிக்கை இல்ல. பாட்டு கத்துக்கிறவங்களுக்கு முன்னாடியே ஒரு கீர்த்தனை இருக்கு, அதைச் சரியா பாடினா பாதி கிணறு தாண்டிடலாம், அப்புறம்தான் மத்ததெல்லாம். கதை எழுதுறவனுக்கு அப்படி முன்னாடி ஒண்ணும் இருக்காது, எதைச் சொல்லணும்னே எந்த வாத்தியாரும் சொல்ல முடியாது. அதனால அந்தக் கடிதம் எழுதினவரு சொன்ன பாதி சரிதான்னு சொன்னேன்ல, அது இந்த இடம்தான். சொல்றதுக்கு ஒரு விஷயம் உள்ள இருந்து பிடுங்கணும், அது இல்லாதவங்களுக்கு எந்த கிளாஸும் ஒண்ணும் பண்ணாது.

வெளிநாட்டுல இதைப் படிப்பாவே வச்சிருக்காங்க. அமெரிக்காவுல அயோவா யுனிவர்சிட்டில 1936ல ரைட்டர்ஸ் வொர்க்‌ஷாப் ஆரம்பிச்சாங்க, அமெரிக்கச் சிறுகதை எழுத்தாளர் பிளானரி ஓ'கானர் அங்க படிச்சு 1947ல பட்டம் வாங்கினவங்க. இங்கிலாந்துல ஈஸ்ட் ஆங்கிலியா யுனிவர்சிட்டில மால்கம் பிராட்பரி, ஆங்கஸ் வில்சன்னு ரெண்டு எழுத்தாளர்கள் சேந்து 1970ல ஒரு எம்.ஏ. கோர்ஸ் ஆரம்பிச்சப்ப முதல் மாணவரா வந்தவரு நாவலாசிரியர் இயன் மெக்வான், அதே கோர்ஸை 1980ல முடிச்ச கஸுவோ இஷிகுரோவுக்கு 2017ல நோபல் பரிசே கிடைச்சுது. இதைச் சொன்னா உடனே, பாத்தியா கிளாஸுக்குப் போனா நோபல் வாங்கலாம்னு ஒரு கூட்டம் கிளம்பும், அவங்க கிளாஸுக்குப் போகலன்னாலும் எழுதியிருப்பாங்கன்னு இன்னொரு கூட்டம் கிளம்பும், ரெண்டையும் நிரூபிக்க முடியாது, அதனால நான் அந்தச் சண்டைக்கே வரல. நம்ம அசோகமித்திரன் கூட 1973ல அயோவாவுக்குப் போனாருன்னு சிலர் உதாரணம் காட்டுறாங்க, அவரு போனது கிளாஸுக்கு இல்ல, பல நாட்டு எழுத்தாளர்களை கூப்பிட்டு தங்க வச்சு எழுத விடுற வேற ஒரு திட்டம் அது, ரெண்டையும் போட்டு குழப்பிக்க வேண்டாம்.

சரி, என் கதைக்கு வர்றேன். முதல் கிளாஸ் ஆன்லைன்ல, யாரு நடத்தினாங்கன்னு சொல்லப்போறதில்ல. நாப்பது பேரு இருந்தோம், அதுல கேமரா ஆன் பண்ணினது நாலு பேரு. வாத்தியாரு பாதி நேரம் தன்னோட கதையை வாசிச்சுக் காட்டுவாரு, மீதி நேரம் மனசுல தோணுறதை அப்படியே கொட்டுங்க, உள்ளே ஒரு நதி இருக்குன்னு சொல்வாரு. நாங்க அனுப்பின எல்லாத்துக்கும் ஒரே பதில், அருமை, தொடருங்கள். எனக்கும் அருமை, எனக்கு அடுத்து ஒருத்தர் மூணு பக்கத்துக்கு முற்றுப்புள்ளியே இல்லாம எழுதியிருந்தாரு அவருக்கும் அருமை. கடைசில எல்லாரோட கதையும் சேத்து ஒரு தொகுப்பு போடறோம், ஆளுக்கு இத்தனை காப்பி நீங்களே வாங்கிக்கணும்னு சொன்னாங்க. அங்கதான் எனக்கு விளங்குச்சு. சர்டிபிகேட் ஒண்ணும் மெயில்ல வந்துச்சு, என் பேரு அதுல தப்பா இருந்துச்சு.

அதுக்கப்புறம் ரெண்டு வருஷம் இந்தப் பேச்சையே எடுக்கல. அப்புறம் ஒரு ஃப்ரெண்டு பிடிச்சு இழுத்துட்டுப் போனதுதான் ரெண்டாவது கிளாஸ். ஒன்பது பேரு, வாரத்துக்கு ஒரு நாள் சாயங்காலம், பத்து வாரம். அங்க லெக்சரே கிடையாது. வாரத்துக்கு ரெண்டு பேரோட கதை, மூணு நாள் முன்னாடியே எல்லாருக்கும் காப்பி போயிடும், படிச்சு மார்ஜின்ல குறிச்சுட்டு வரணும், படிக்காம வந்தா அன்னைக்கு வெளிய உக்காரணும். எழுதினவங்க பேசக்கூடாது, மத்த எட்டு பேரும் பேசுவாங்க, நாம வாய மூடிட்டு நோட்ஸ் எடுக்கணும், கடைசி பத்து நிமிஷம்தான் நம்ம வாய்ப்பு. அயோவா பக்கத்துல இருந்து வந்த முறைதானாம் இது, இதை இப்ப நிறைய பேரு விமர்சனமும் பண்றாங்க, எழுதினவன் வாயைக் கட்டிப்போட்டா அவன் என்ன நினைச்சு எழுதினான்னு தெரியாமலே கதையை அடிச்சு நொறுக்குறாங்கன்னு. அது உண்மைதான், எனக்கும் ரெண்டாவது வாரம் அழுகை வந்துச்சு. ஆனா ஒண்ணு யோசிச்சுப் பாருங்க, கதை அச்சுல வந்தப்புறம் வாசகர் பக்கத்துல போய் நின்னு, இல்லைங்க நான் சொல்ல வந்தது இதுன்னு விளக்க முடியுமா?

என் கதை ஒரு வயசான அப்பா, வீட்டை வித்துட்டு பையனோட போய் இருக்கப் போறாரு, சாவிய ஒப்படைக்கிற நாள். அஞ்சு வருஷமா வச்சு வச்சு மெருகேத்தின கதை, எனக்கே மனப்பாடம். எல்லாரும் பேசிட்டு இருந்தாங்க, கடைசில ஒரு காலேஜ் பையன், வந்ததுல இருந்து வாயே திறக்காதவன், மெதுவா கேட்டான், முதல் பக்கத்துல ஒரு தம்பி வந்தாரே, பெட்டியெல்லாம் கட்டிட்டு இருந்தாரே, அவரு எங்க போனாரு? எல்லாரும் பக்கத்தைப் புரட்டினாங்க. நானும் புரட்டினேன். அந்த தம்பி ரெண்டாவது பக்கத்துக்கு அப்புறம் எங்கயுமே இல்ல. வீட்டை விட்டு வெளிய போகல, சாகல, தூங்கப் போகல, சும்மா காணாமப் போயிட்டான். அஞ்சு வருஷம், நூறு தடவை படிச்சிருப்பேன், எனக்கு அது தெரியவே இல்ல. கணக்குல ஒரு பைசா உதைச்சா ராத்திரி பூரா உக்காந்து தேடுறவ நான், ஒரு முழு ஆளைத் தொலைச்சுட்டு டேலி ஆயிடுச்சுன்னு நினைச்சுட்டு இருந்திருக்கேன்.

காரணம் ரொம்ப சிம்பிள். நான் பேப்பர்ல இருக்கிறதைப் படிக்கல, என் தலையில இருக்கிறதைப் படிச்சிருக்கேன். தலைக்குள்ள அந்த தம்பி கடைசி வரைக்கும் இருந்தான், லாரிக்குப் பின்னாடி நின்னுட்டு இருந்தான். இதை எந்தப் புத்தகமும் எனக்குச் சொல்லியிருக்காது, வீட்டுக்காரர்கிட்ட கொடுத்தா நல்லாருக்குன்னு சொல்லி கொடுத்துடுவாரு, பாவம் அவருக்கும் நிம்மதியா இருக்கணும்ல. நம்மகிட்ட நல்ல பேரு வாங்கணும்னு அவசியமே இல்லாத எட்டு பேரு வேண்டியிருக்கு.

இன்னொரு வாரம் ஒருத்தங்க கதையில ஒரே ஒரு சொல்லுக்காக அரை மணி நேரம் சண்டை. கதையை மகன் சொல்றான், அம்மாவைப் பத்தி சொல்றப்ப அவள், அவள்னு எழுதியிருந்தாங்க. பேசும்போது அம்மா வந்தாங்கன்னுதானே சொல்லுவான், எழுதும்போது மட்டும் ஏன் அவள் வந்தாள்னு ஆகுதுன்னு ஒருத்தர் கேட்டாரு. இலக்கியத்துல அப்படித்தான் எழுதுவாங்கன்னு இன்னொருத்தர். சரி, அவர்னு போட்டா? போட்டுப் பாத்தோம், அம்மா திடீர்னு ஹெட்மிஸ்ட்ரஸ் மாதிரி ஆயிட்டாங்க. அம்மா, அம்மான்னே போட்டா? அஞ்சு வயசுப் பையன் சொல்ற மாதிரி ஆயிடுச்சு. அப்பதான் புரிஞ்சுது, அவளா அவரா அவங்களாங்கிற ஒரு சொல்லுலயே கதை சொல்றவன் எங்க நிக்கிறான், எவ்வளவு தூரத்துல நிக்கிறான், கோபமா இருக்கானா எல்லாம் வந்துடுது. அந்தக் கதையில மகனுக்கு அம்மா மேல தீராத வருத்தம், அதனால அவள்ங்கிறதே சரின்னு முடிவாச்சு, ஆனா ஆஸ்பத்திரி சீன்ல மட்டும் அம்மான்னு மாத்தினாங்க. ஒரு சொல்லு மாறினதும் ரூம்ல யாரும் கொஞ்ச நேரம் பேசல.

இங்கிலீஷ்ல வந்த எழுத்துக் கலை புத்தகங்களை வச்சு தமிழ்ல கிளாஸ் எடுக்கிறவங்ககிட்ட எனக்கு இருக்கிற குறையும் இதுதான். செயப்பாட்டு வினையைத் தவிர்ங்கிறது அங்க பெரிய விதி, நம்ம ஆளுங்க பேச்சுல அது வர்றதே இல்ல, எதைத் தவிர்க்கிறது? ஆனா நமக்குன்னு இருக்கிற தலைவலி அதுல இருக்காது. நம்ம மொழியில வினை கடைசில வரும், அதனால கதையில ஒவ்வொரு வாக்கியமும் ஆன், ஆள்னே முடியும். வந்தான். நின்றான். பார்த்தான். சிரித்தான். போனான். கிளாஸ்ல ஒருத்தர் இப்படி ஒரு பக்கத்தை சத்தமா வாசிச்சாரு, நாலாவது வரியில எல்லாருக்கும் சிரிப்பு வந்துடுச்சு, போலீஸ் பரேடு மாதிரி இருந்துச்சு. வந்து நின்று பார்த்துன்னு எச்சத்தைப் போட்டு கோத்தா வேகம் மாறுது, நடுவுல ஒரு பேச்சுல நிறுத்தினா மாறுது, வினையே இல்லாம பெயர்ல முடிச்சா வேற மாதிரி மாறுது, எங்க எதுங்கிறதை சத்தமா படிச்சுப் பாத்துதான் முடிவு பண்ண முடியும். அப்புறம் அந்த வினவினான், இயம்பினான், மொழிந்தான். என்றான்னு திரும்பத் திரும்ப வருதேன்னு பயந்து நாம போடறது. வாசகருக்கு என்றான் கண்ணுக்கே தெரியாது, இயம்பினான் வந்தாதான் தடுக்கி விழுவாங்க.

அந்த கிளாஸ் நடத்தினவங்க செஞ்ச ஒரு வேலை இன்னைக்கும் செய்றேன். கதையைக் கவுத்து வச்சுட்டு வாயால சொல்லுங்கன்னாங்க. ஃபோன்ல ரெகார்ட் பண்ணிட்டு சொன்னேன். சொல்லும்போது சாவி, புரோக்கர் பேச்சு, அப்பா ரெண்டாவது தடவை பாத்ரூம் போய்ட்டு வந்தது, இதெல்லாம் தன்னால வந்துச்சு. பேப்பர்ல என்ன இருந்துச்சுன்னு பாத்தா கீழ்வானம் சிவந்திருந்தது. ஒன்றரைப் பக்கம் கீழ்வானம். நான் சொன்னப்ப வானமே வரல சார்.

ஆகமொத்தம் எனக்கு கிடைச்சது எழுதுற வித்தை இல்ல, எழுதினதை அடுத்தவங்க கண்ணால படிக்கிற பழக்கம். பத்து வாரத்துல ஒரு கதைதான் உருப்படியா முடிச்சேன், ஆனா அலமாரில இருந்த பதினேழு கதையையும் எடுத்துப் படிச்சப்ப எது எங்க உதைக்குதுன்னு எனக்கே தெரிஞ்சுது, பதினொண்ணைத் தூக்கிப் போட்டேன். இதுக்கு காசு கொடுக்கலாமான்னு கேட்டா நான் கொடுப்பேன்.

இதுல ஆபத்தே இல்லைன்னு சொல்ல வரல. எட்டு பேருக்கும் பிடிக்கிற மாதிரி எழுத ஆரம்பிச்சா அந்தக் கதை யாருக்குமே பிடிக்காது, அது கமிட்டி போட்டு எழுதின ரிப்போர்ட் மாதிரி ஆயிடும். எங்க குரூப்லயே ஏழாவது வாரத்துல எல்லாரும் ஒரே மாதிரி எழுத ஆரம்பிச்சிட்டாங்க, எல்லார் கதையும் பாதி வாக்கியத்துல முடியுது, எல்லார் கதையிலயும் யாரோ ஜன்னலைப் பாக்கிறாங்க. சொல்லாதே, காட்டுன்னு ஒரு விதி சொல்லிக்கொடுப்பாங்க, அதை வேதவாக்கா எடுத்துக்கிட்டு கோபம் வந்ததுன்னு ஒரு வரியில சொல்ல வேண்டிய இடத்துல தாடை எலும்பு, நரம்பு, முஷ்டின்னு முழு உடற்கூறு பாடம் நடத்துறாங்க. நம்ம பாட்டிங்க கதை சொல்லும்போது அவன் மகா கஞ்சன்னு ஒரே சொல்லுல சொல்லிட்டு மேல போவாங்க, ஒருத்தரும் எழுந்து போனதில்ல.

வெட்டுறதுலயும் அப்படித்தான். அமெரிக்கச் சிறுகதை எழுத்தாளர் ரேமண்ட் கார்வர்னா ரெண்டு பேரு எனக்கு ஞாபகம் வரும். அவரு காலேஜ்ல படிச்சப்ப அவருக்கு வாத்தியாரா இருந்த ஜான் கார்ட்னர் ஒவ்வொரு கமாவுக்கும் அவரோட உக்காந்து வாதாடுவாரு, அதோட வீட்டுல எழுத இடமில்லாத பையன்னு தெரிஞ்சு வார நாள் முடிஞ்சதும் எழுதிக்கோன்னு தன்னோட ஆபீஸ் ரூம் சாவியையே கொடுத்தாரு. எனக்குத் தெரிஞ்சு வாத்தியார் செய்யக்கூடிய பெரிய உதவி அந்தச் சாவிதான். அதே கார்வரோட 1981 தொகுப்பை எடிட் பண்ணின கோர்டன் லிஷ் சில கதைகளைப் பாதிக்கு மேல வெட்டித் தள்ளிட்டாரு, கார்வர் பதறிப்போய் புத்தகத்தை நிறுத்துங்கன்னு 1980ல லெட்டர் எழுதினாரு, ஆனா புத்தகம் வெட்டினபடியேதான் வந்துச்சு, கொண்டாடவும் பட்டுச்சு. வெட்டாத வடிவம் அவரு செத்து பல வருஷம் கழிச்சு 2009லதான் தனி புத்தகமா வந்துச்சு. ரெண்டையும் வச்சுப் பாக்கிறவங்க இன்னும் சண்டை போட்டுக்கிட்டு இருக்காங்க. அதனால யாரு சொன்னாலும் வெட்டாதீங்க, யாரு சொன்னாலும் கேளுங்க, ஒரே இடத்துல மூணு பேரு தடுக்கினாங்கன்னா அங்க கல்லு இருக்குன்னு மட்டும் எடுத்துக்கோங்க, எப்படி எடுத்துப் போடணும்னு அவங்க சொல்ற யோசனை பெரும்பாலும் தப்பாதான் இருக்கும்.

நன்னூல்லயே மாணாக்கர்களை அன்னம், பசு, மண், கிளின்னு பிரிச்சுட்டு கடைசி ரகத்துல நெய்யரின்னு ஒண்ணு சொல்லியிருக்கு, நெய்யை எல்லாம் கீழ விட்டுட்டு கசடை மட்டும் பிடிச்சு வச்சுக்கிற வடிகட்டி. கிளாஸுக்குப் போய்ட்டு ஜன்னலை மட்டும் கத்துட்டு வர்றவங்களுக்கு இதைவிட நல்ல பேரு கிடைக்காது.

யாரு போக வேண்டாம்னா, இன்னும் ஒரு கதை கூட முழுசா எழுதி முடிக்காதவங்க போக வேண்டாம், கோணல்மாணலா ஒண்ணாவது முடிச்சுட்டு போங்க. அஞ்சு கிளாஸ் முடிச்சுட்டு ஆறாவதுக்கு பேரு கொடுத்திருக்கிறவங்களையும் பாத்திருக்கேன், கேட்டா தயாராகிட்டு இருக்கேன்பாங்க, அவங்களை தயவு செஞ்சு யாராவது வீட்டுக்கு அனுப்புங்க. புத்தகம் வெளியிட்டுத் தர்றோம், சினிமா சான்ஸ் இருக்குன்னு சொல்ற இடத்துக்கு போகவே போகாதீங்க. சேர்றதுக்கு முன்னாடி ஒரே ஒரு கேள்வி கேளுங்க, என் கதையை நீங்க முழுசா படிச்சு பக்கத்துக்குப் பக்கம் குறிச்சுக் கொடுப்பீங்களா? அதுக்கு நேரா ஆமான்னு பதில் வரலன்னா அது கிளாஸ் இல்ல, கூட்டம்.

காசு இல்லாதவங்க, பக்கத்துல கிளாஸ் இல்லாதவங்க கவலைப்பட வேண்டாம். பிரெஞ்சு எழுத்தாளர் மாப்பசானுக்கு எந்த கோர்ஸும் கிடையாது, அம்மாவோட பழைய சிநேகிதரான நாவலாசிரியர் ஃப்ளாபேர்கிட்ட ஏழு வருஷம் எழுதி எழுதிக் காட்டினாருன்னு அவரே சொல்லியிருக்காரு. ரஷ்யாவுல கார்க்கிக்கு இன்னொரு எழுத்தாளரான செகாவ் 1899ல லெட்டர்லயே சொல்லிக்கொடுத்தாரு, திருத்தும்போது அடைமொழிகளை முடிஞ்சவரைக்கும் அடிச்சுடுங்க, வாசகரோட கவனம் அதுலயே களைச்சுப் போகுதுன்னு. அப்ப கார்க்கி ஏற்கனவே பேரு வாங்கின ஆளு, இருந்தாலும் கேட்டுக்கிட்டாரு. நமக்கு செகாவ் கிடைக்க மாட்டாரு, ஆனா முகத்துக்கு நேரா சொல்லக்கூடிய மூணு பேரு கிடைப்பாங்க, மாசத்துல ஒரு நாள் ஃபிக்ஸ் பண்ணி, அந்த நாளுக்கு யாரு எழுதிட்டு வரலன்னாலும் கூடியே ஆகணும்னு வச்சா போதும். எங்க ஒன்பது பேருல நாலு பேரு இன்னும் அப்படித்தான் கூடுறோம்.

கடைசியா உங்ககிட்ட ஒரு விஷயம். முப்பது வருஷம் முன்னாடி ஒரு பத்திரிகைக்கு ஒரு கதை அனுப்பினேன், ஸ்டாம்ப் ஒட்டின கவர் வச்சு அனுப்பினதால திரும்பி வந்துச்சு, பிரசுரிக்க இயலாமைக்கு வருந்துகிறோம்னு அச்சடிச்ச துண்டுச் சீட்டோட. அதைப் பாத்து பெருமூச்சு விட்டுட்டு கதையைப் புரட்டினா அஞ்சாவது பக்கத்து ஓரத்துல பென்சில்ல யாரோ சின்னதா எழுதியிருந்தாங்க, இரண்டாம் பக்கத்தில் இவருக்கு வயது 40, இங்கே 52. அவ்வளவுதான், கையெழுத்து கூட இல்ல. யாரோ ஒரு உதவி ஆசிரியர், குவிஞ்சு கிடந்த கட்டுக்கு நடுவுல, வேண்டாம்னு ஒதுக்கப்போற ஒரு கதையை அஞ்சாவது பக்கம் வரைக்கும் வயசைக் கூட்டிப் பாத்துப் படிச்சிருக்காரு. கணக்கு எழுதுறவளுக்கே கணக்குத் தப்பு. அந்தப் பக்கத்தை இன்னும் வச்சிருக்கேன், ரெண்டு கிளாஸுக்கும் முன்னாடி எனக்கு நடந்த கிளாஸ் அதுதான்.

இன்னைக்கு மெயில்ல அனுப்புறோம், தானா ஒரு பதில் வருது, உங்கள் படைப்பு கிடைக்கப்பெற்றோம்னு, அப்புறம் ஆறு மாசம் சத்தமே இல்ல. அந்தப் பென்சில் காரர் இல்லாமப் போன இடத்துலதான் இத்தனை கிளாஸும் முளைச்சிருக்கு, நல்லதும் கெட்டதுமா. உங்க ஞாயிறு இணைப்புக்கு வாரத்துக்கு எத்தனை கதை வரும்னு எனக்குத் தெரியாது, எல்லாத்துக்கும் பதில் எழுத ஆள் கிடையாதுன்னு புரியுது. மாசத்துக்கு ஒரே ஒரு கதை, வேண்டாம்னு ஒதுக்கினதுல இருந்து, எழுதினவர் பேரைப் போடாம, ஏன் எடுக்கலன்னு பத்து வரி எழுதி உங்க பேப்பர்லயே போட முடியுமா? முதல் கதையா என்னோடதையே எடுத்துக்கோங்க, போன மார்ச்ல அனுப்பினது, சாவி கதை. தம்பி இப்ப கடைசி பக்கம் வரைக்கும் இருக்கான்.

இப்படிக்கு,
உங்கள் நெடுநாள் வாசகி